பினோத் பிஹாரியின் வர்ணத் தாள்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், பட்டர்வொர்த் பாகான் டாலாமில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் தங்கையின் பேரன், பழைய நாட்காட்டித் தாள்களையும் மிட்டாய்க் காகிதங்களையும் கடையில் வாங்கிய வர்ணத் தாள்களையும் தன்னைச் சுற்றிப் பரப்பிக்கொண்டு, பசை காய்ந்து வெளுத்துப்போன விரல்களோடு, உலகத்தையே மறந்து ஏதோ ஒன்றைச் சிருஷ்டித்துக்கொண்டிருந்தான். காட்சிக் கலைக் கல்விப் பாடத்துக்காக ஒட்டுப்படம் ஒன்று செய்துவரச் சொல்லியிருந்தார்களாம். அவன் தாய் இரண்டு முறை எட்டிப் பார்த்து, "சீக்கிரம் ஒட்டி முடிச்சிட்டுக் கணக்கை எடுத்து வை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாலையில் வந்த என் நெடுநாளைய நண்பர், நிறையப் படித்தவர், இலக்கியத்தில் நல்ல ருசி உள்ளவர், அந்தப் பையனின் வேலையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வெட்டி ஒட்டுவதெல்லாம் ஒரு கலையா ஐயா? பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கிற உபாயம்" என்றார். அந்தத் தாயின்மீதும் எனக்கு வருத்தமில்லை, நண்பர்மீதும் இல்லை. ஆனால் இந்த அபிப்பிராயம் நம்மிடையே எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை எண்ணியபோது, வர்ணத் தாளும் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு தம் வாழ்க்கையின் கடைசி இருபது ஆண்டுகளுக்கு மேல் சித்திரம் செய்த ஒரு மகா கலைஞரைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

காகிதத்தை வெட்டியும் கிழித்தும் ஒட்டியும் அழகு செய்கிற பழக்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. தோட்டத்து லயத்து வீட்டில், பலகைச் சுவரின் இடுக்குகள் வழியே இரவுக் குளிர் வராதிருப்பதற்காக என் பாட்டி கஞ்சிப் பசை காய்ச்சி, ‘தமிழ் நேசன்’ தாள்களை வரிசையாக ஒட்டி, அதன்மேல் பழைய நாட்காட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த முருகனையும் லட்சுமியையும், துணிக்கடை விளம்பரத்துப் பூக்களையும் பதித்து வைத்திருந்தாள். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வரலாகாது என்று அவள் ஒரு படத்தை எடுத்து இடம் மாற்றியதை நான் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன். 1924-இல் தோன்றி 2019-இல் நின்றுபோன அந்தப் பத்திரிகையின் செய்திகளைப் படித்தவர்கள் எத்தனை பேரோ, அதைச் சுவரிலே பார்த்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளும் அத்தனை பேர் இருப்பார்கள். நம் அண்டை வீட்டுச் சீனர்களோ காகிதத்தைக் கொண்டு வீடு கட்டுகிறார்கள், குதிரை செய்கிறார்கள். அவர்களுடைய ஏழாம் மாதத்தில் புக்கிட் மெர்தாஜாமில் மூங்கிற் சட்டத்தின்மேல் வர்ணத் தாள்களை ஒட்டி எழுப்புகிற பிரம்மாண்டமான தெய்வ உருவத்தை, தைப்பூசத் தேரைப் பார்க்கிற அதே வியப்போடு நாமும் போய்ப் பார்த்து வந்திருக்கிறோம். பல நாள் பிரயாசையில் உருவானது கடைசி இரவில் அக்கினிக்கு இரையாகிறது. இவ்வளவும் கண்முன்னே இருந்தும், தாளை ஒட்டுவது கலையன்று என்று சொல்ல நமக்கு எப்படி மனம் வருகிறது?

மேல்நாட்டில் இதற்குக் கலை என்ற பெயர் கிடைத்ததும் நூற்றுச் சில்லறை ஆண்டுகளுக்கு முன்னர்தான். 1912-ஆம் ஆண்டு, பிரான்ஸ் தேசத்துத் தென்பகுதியில் தங்கியிருந்த ஜார்ஜ் பிராக் என்ற ஓவியர், மரத்தின் ரேகைகளைப் போல அச்சிடப்பட்ட சுவர்த்தாள் ஒன்றை ஒரு கடையில் கண்டு, அதை வாங்கி வந்து துண்டுகளாக்கித் தம்முடைய கரிக்கோல் சித்திரத்தில் ஒட்டினார். அவர் இளமையில் வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்கரிக்கிற தொழிலைப் பயின்றவர்; சுவர்த்தாளின் குணம் அவருக்குக் கைவந்த விஷயம். அவருடைய நண்பர் பிக்காஸோவும் அதே ஆண்டில் தம் ஓவியங்களில் அந்நியப் பொருள்களை ஒட்டத் தொடங்கியிருந்தார். ஒட்டுதல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் ‘கொலாஜ்’ என்ற பெயரே பிறந்தது. பின்னாளில் ஹென்றி மத்தீஸ் என்ற பெரியவர், 1941-இல் நடந்த கடுமையான அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நின்று தீட்டும் சக்தியை இழந்து, வர்ணம் பூசிய தாள்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே கத்தரித்து, உதவியாளர்களைக் கொண்டு சுவரில் பொருத்திச் செய்த பெருஞ்சித்திரங்களை இன்று உலகம் முழுவதும் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் ஆன் ரையன் என்ற அம்மையார் தம் ஐம்பத்தெட்டாவது வயதில், 1948-இல், ஒரு கண்காட்சியில் ஒட்டுச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு அன்று முதல் அதையே தம் தொழிலாக்கிக்கொண்டு, 1954-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 400 சித்திரங்கள் செய்தார்; உருவம் ஒன்றும் இல்லாத, கைக்குட்டை அளவே உள்ள சித்திரங்கள் அவை. இவர்களைப் பற்றி விரித்துச் சொல்ல இது இடமன்று. நான் சொல்ல வந்தவர் நமக்கு இன்னும் நெருங்கியவர்.

பினோத் பிஹாரி முகர்ஜி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி கல்கத்தாவின் பேஹாலா பகுதியில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மற்றொன்றில் மிக அருகில் இருப்பது மட்டுமே தெரியும். சாதாரணப் பள்ளிக்கூடங்களில் அவருடைய படிப்பு ஓடவில்லை. 1917-இல் தாகூரின் சாந்திநிகேதனப் பள்ளியில் சேர்ந்தார். 1919-இல் அங்கே கலா பவனம் என்ற கலைப் பள்ளி தொடங்கப்பட்டபோது நந்தலால் போஸிடம் மாணவரானார். இவ்வளவு மங்கிய பார்வையுள்ள ஒரு பையன் சித்திரத் தொழிலில் என்ன சாதிக்க முடியும் என்ற கவலை குருவுக்கு இருந்தது. அவர் அதைத் தாகூரிடம் சொன்னபோது, பையன் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து சிரத்தையாக வேலை செய்கிறானா என்று மட்டும் அவர் விசாரித்ததாகவும், அப்படியானால் அவனை அவன் வழியிலே விட்டுவிடும்படி கூறியதாகவும் சொல்வார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தை அவர்கள் சார்பில் நாமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிற இந்தக் காலத்தில், அந்த ஒரு சம்பவத்தை நம்முடைய பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் எழுதி மாட்டி வைக்கலாம்.

சாந்திநிகேதனம் நமக்கு அந்நியமான ஊரும் அன்று. 1927-ஆம் ஆண்டில் தாகூர் மலாயாவில் யாத்திரை செய்து பினாங்குக்கும் வந்தபோது, கலா பவனத்தைச் சேர்ந்த சித்திரக்காரர்களான சுரேந்திரநாத் கரும் தீரேந்திர கிருஷ்ண தேவ வர்மாவும் அவருடன் வந்திருந்தார்கள். அப்பொழுது பினோத் பிஹாரிக்கு இருபத்து மூன்று வயது. கலா பவனத்திலேயே ஆசிரியராகி இரண்டாண்டு ஆகியிருந்தது. அவர் தேசியப் பெருமைகளையும் புராணக் காட்சிகளையும் தீட்டுவதில் அதிக நாட்டம் கொள்ளவில்லை. சாந்திநிகேதனத்தைச் சுற்றியுள்ள வறண்ட செம்மண் வெளியையும், மழை அரித்த மேடுபள்ளங்களையும், தனித்து நிற்கும் மரங்களையும், சந்தால் மக்களின் நடமாட்டத்தையும் அவர் தீட்டினார். 1937-38-இல் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டுச் சித்திர மரபை நேரில் கண்டு வந்தார். கலா பவன மாணவர் விடுதியின் மேற்கூரையில் 1940-இல் ஒரு கிராம வாழ்வு முழுவதையும், குளத்தை நடுவில் வைத்து, நான்கு திசையிலும் விரியும்படி எழுதினார். சீன பவனத்துச் சுவரில் 1942-இல் ஆசிரம வாழ்க்கையை எழுதினார்.

எல்லாவற்றுக்கும் சிகரமாக நிற்பது, 1946-47-இல் ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் அவர் எழுதிய மத்தியகால பக்தர்களின் சித்திரம். கபீரும் துளசிதாஸரும் சூர்தாஸரும் மட்டுமல்லர். நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுஜரும் அந்தச் சுவரில் இருக்கிறார். ஆற்று வெள்ளம்போல மக்கள் கூட்டம் ஓடிக்கொண்டிருக்க, அதன் நடுவே பக்தர்கள் ஓங்கி நிற்கிறார்கள். ஈரச் சுண்ணத்தின்மேல், அது காய்வதற்குள் எழுதி முடிக்கவேண்டிய முறை அது. அன்றன்றைக்குப் பூசிய பூச்சில் அன்றன்றைக்கு எழுதியாகவேண்டும், தவறினால் திருத்த வழியில்லை. முழுச் சுவருக்கும் அளவொத்த மாதிரி ஒன்றை முன்கூட்டி வரைந்துகொண்டு அதைப் படியெடுக்கும் வழக்கத்தையும் அவர் கைக்கொள்ளவில்லை. இங்கேதான் வாசகர்கள் சற்று நின்று யோசிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கண்ணுக்கு வெகு அருகே உள்ளதை மட்டுமே காணக்கூடிய ஒரு மனிதர், சாரத்தின்மேல் நின்றுகொண்டு, தம் முகத்தருகே தெரியும் ஒரு சாண் சுவரில் தூரிகையை ஓட்டும்போது, அதற்கு அப்பால் இருபதடி தள்ளி இருக்கும் உருவமும், எதிர்ச் சுவரில் நாளைக்கு வரப்போகும் உருவமும் அவருக்கு எங்கே இருந்தன? நாம் ஐந்தடி பின்வாங்கி நின்று சரிபார்த்துக்கொள்கிற முழுமை, அவருக்கு ஒருநாளும் கண்முன் இருந்ததில்லை. அது அவருடைய சித்தத்தில் இருந்தது.

அந்தச் சுவர்ச் சித்திரத்தில் அவருக்கு உதவிசெய்த மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்பிரமணியன். மலையாளக் கரையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1924-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1944-இல் சாந்திநிகேதனம் வந்தார். பிற்காலத்தில் இந்தியக் கலையுலகின் மூத்த ஆசான்களில் ஒருவராகப் போற்றப்பட்ட இவர், தம் குருவின் ‘சித்ரகர்’ என்ற வங்காள நூலைத் தம் கையாலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். ஆசிரியர் எழுதியதை வெளியுலகுக்குச் சொல்ல எண்பது வயது கடந்த மாணவர் உட்கார்ந்து மொழிபெயர்த்தது, குரு சிஷ்ய உறவுக்கு ஒரு நல்ல அடையாளம். அந்த நூலைத் தமிழில் முழுமையாகக் கொண்டுவரும் பாக்கியம் நம்மில் யாருக்காவது வாய்க்கவேண்டும்.

1949-இல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனத்தை விட்டு நேபாளத்து அரசு அருங்காட்சியகத்தில் பொறுப்பேற்றார். பிறகு ராஜஸ்தானத்தில் வனஸ்தலி வித்யாபீடம்; 1952-இல் மனைவி லீலாவுடன் முசோரி மலையில் ஒரு கலைப் பயிற்சிக்கூடம். எஞ்சியிருந்த ஒற்றைக் கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. ஐம்பத்து மூன்று வயதை ஒட்டி டில்லியில் நடந்த கண்புரை அறுவைச் சிகிச்சை பலிக்கவில்லை. பார்வை அடியோடு போய்விட்டது. 1958-இல் அவர் சாந்திநிகேதனத்துக்குத் திரும்பி வந்து மாணவர்களுக்குக் கலை வரலாறு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஒரு சித்திரக்காரரின் கதை இந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று யாரும் நினைப்பார்கள்.

அவர் தாளைக் கையில் எடுத்தார். மெழுகையும் களிமண்ணையும்கூட எடுத்து உருவங்கள் பிடித்தார். பேனாவால் கோட்டுச் சித்திரங்களும் வரைந்தார். எனினும் என் மனம் மீண்டும் மீண்டும் போய் நிற்பது அந்த ஒட்டுச் சித்திரங்களில்தான். உதவியாளர் ஒருவர் அருகில் இருந்து இது இன்ன வர்ணம் என்று சொல்வார். அவர் தாளை விரல்களால் தடவி, அதன் வழவழப்பையும் சொரசொரப்பையும் கனத்தையும் அறிந்து, கத்தரிக்கோலால் வெட்டுவார். எந்தத் துண்டு எங்கே, எதன்மேல் எது என்று சொல்லச் சொல்ல ஒட்டப்படும். பழத்தோடு ஒரு பெண், சாய்ந்து கிடக்கும் ஒரு மனிதர் என்று மிகச் சாதாரணமான விஷயங்களே இந்தச் சித்திரங்களில் வருகின்றன. கண், மூக்கு, நகை, உடைமடிப்பு ஆகிய விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும். மிஞ்சுவது சில வர்ணத் துண்டுகளும் அவை ஒன்றையொன்று சந்திக்கிற ஓரங்களும் மட்டுமே. சற்றுத் தள்ளிப் பார்த்தால் அமர்ந்திருக்கும் பெண் தெரிவாள்; அருகே போனால் அவள் மறைந்து, பச்சையும் காவியும் கறுப்பும் தமக்குள்ளே நடத்துகிற ஓர் உரையாடல் தெரியும். இவற்றை அரூப ஓவியம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம் சைவ நூல்கள் இறைவனின் நிலையை அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்திருக்கின்றன. லிங்கத்தை அவை அருவுருவத்தில் வைக்கின்றன. முகமும் கைகால்களும் இல்லாமலே ஒரு திருமேனியாக அதை உணர்ந்து நீராட்டவும் பூச்சூட்டவும் பழகிய நமக்கு, இந்தச் சித்திரங்களை வைப்பதற்கும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஏன் தாள் என்பதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மையால் வரைந்த கோட்டை விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது; பார்வையில்லாதவருக்கு அது எழுதிய கணத்திலேயே காணாமற்போகிறது. வெட்டிய தாளின் விளிம்போ விரலுக்குத் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடத்தில் ஒரு மயிரிழை உயரம் ஸ்பரிசத்துக்குக் கிடைக்கும். தாளுக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசையில் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் முரண்டுபிடித்துக் கோணலாகும் என்பதைத் தையற்காரர் துணியை அறிவதுபோலக் கை அறியும். கோடும் வர்ணமும் தனித்தனியாக வராமல், கத்தரிக்கோல் நடக்கிற ஒரே நடையில் இரண்டும் சேர்ந்து பிறக்கிற முறை இது. மத்தீஸுக்கும் நம்மவருக்கும் இதுவரை ஒற்றுமை உண்டு. ஆனால் மத்தீஸ் தாம் வெட்டியதைச் சுவரில் பொருத்தச் சொல்லி, நாட்கணக்காகப் பார்த்து, இடம் மாற்றச் சொல்வார். அவருக்குக் கால்கள்தாம் ஒத்துழைக்கவில்லை, கண்கள் இருந்தன. பினோத் பிஹாரி தாம் வெட்டிய நீலத்தைப் பார்த்ததே இல்லை. ஐம்பது ஆண்டுகள் பார்த்துச் சேர்த்த நீலங்களின் நினைவிலிருந்து அதை அவர் இட்டார்.

இதனாலேயே, இந்தச் சித்திரங்களை ‘பார்வையிழந்தும் சாதித்தார்’ என்ற ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுகிற பேச்சு எனக்கு ஏற்புடையதாக இல்லை. மேடைகளிலும் வாட்சாப் செய்திகளிலும் நாம் இப்படித்தான் பேசுகிறோம்; இரக்கத்தில் பிறந்த புகழ்ச்சி அது, படைப்பைப் பார்க்கவிடாமல் படைத்தவரின் குறையையே பார்க்கவைக்கிறது. ஹிந்தி பவனத்துச் சுவரை எழுதியபோதே அவர் முழுமையைச் சித்தத்தில் வைத்துக்கொண்டு கையால் தேடிச் சென்றவர். பார்வை போனபோது அவர் இழந்தது முகத்தருகே தெரிந்த அந்த ஒரு சாணை மட்டுமே; அந்த இழப்பு சிறியது என்று நான் சொல்லவில்லை, அதன் துயரம் அவருடைய எழுத்திலேயே இருக்கிறது. ஆயினும் அவர் கலையின் ஆதாரம் அந்த ஒரு சாணில் இருந்ததில்லை. ஆகவே ஒட்டுச் சித்திரங்கள் அவருக்கு வாய்த்த ஆறுதல் பரிசு அல்ல. நாற்பதாண்டு வேலையின் நேர் தொடர்ச்சி அவை. அவற்றில் சில, அவர் பார்வையோடு தீட்டிய சிறு ஓவியங்களைக் காட்டிலும் துணிவானவை என்பது என் திடமான அபிப்பிராயம். குருட்டுத்தன்மையைத் தாம் ஒரு புதிய அனுபவமாக, புதிய ஜீவிதநிலையாக ஏற்றுக்கொண்டதாக அவரே கூறியிருக்கிறார்.

கலா பவனத்தில் 1940 முதல் 1942 வரை அவரிடம் படித்த சத்யஜித் ராய், 1972-இல் தம் குருவைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்ற இருபது நிமிஷ ஆவணப்படம் எடுத்தார். அதில் ஒரு காட்சி: கலா பவனச் சுவருக்காக ஓட்டுத் துண்டுகளைக் கொண்டு பெரியதொரு சித்திரம் உருவாகிக்கொண்டிருக்கிறது, தாளில் வெட்டிப் பழகிய அதே சுருங்கிய உருவங்கள் இப்பொழுது பளபளக்கும் ஓடாக மாறுகின்றன, எழுபதை நெருங்கிய முதியவர் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்து துண்டுகளைத் தடவிப் பார்க்கிறார். அந்தக் கைகளின் அவசரமின்மையை நான் மறந்ததில்லை. 1974-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய ‘சித்ரகர்’ நூலுக்கு ரவீந்திர புரஸ்காரம் கிடைத்த அதே 1980-இல், நவம்பர் மாதம் அவர் காலமானார். அவருடைய ஒரே மகள் மிருணாளினி, பரோடாவில் கே.ஜி. சுப்பிரமணியனிடம் பயின்று, சணற்கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரச் சிற்பங்கள் செய்து உலகப் புகழ் பெற்றார். கயிறு முடிவதும் ஒரு கலையா என்று அவரிடமும் யாராவது கேட்டிருப்பார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானபோது, பிள்ளைகளின் கைகளுக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும் என்று நான் நம்பினேன். ஆனால் என் தங்கை பேரன் படிக்கும் பள்ளியில், கலைப் பாடத்துக்கு ஒதுக்கிய வேளை பல வாரங்களில் கணக்குப் பயிற்சிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ஒட்டுப்படம் வீட்டு வேலையாக வந்து சேர்கிறது. ஆசிரியர்களுக்கு மேலிருந்து வரும் நெருக்கடி எனக்குத் தெரியாததன்று. என் குடும்பத்திலும் இரண்டு ஆசிரியர்கள் உண்டு. இருந்தாலும் சொல்கிறேன்: அட்டவணையில் கலைக்கென்று எழுதிய நேரம் பிள்ளையின் சொத்து, அதை எடுத்து வேறு பாடத்துக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரு துண்டை இங்கே வைப்பதா அங்கே வைப்பதா என்று ஒன்பது வயதுப் பிள்ளை கால் மணி நேரம் தயங்கி நிற்கிறதே, அந்தத் தயக்கத்தில் நடப்பது சிந்தனை. அதற்கு விடைத்தாள் கிடையாது, சரியென்று குறிபோட ஆளும் கிடையாது, பிள்ளையே தீர்மானித்தாகவேண்டும். வாழ்க்கையில் நாம் எடுக்கவேண்டிய தீர்மானங்களில் பெரும்பாலானவை இந்த ஜாதியைச் சேர்ந்தவைதாமே. பெற்றோர்களும், முடிந்த படத்தைக் குப்பையோடு சேர்த்து வாரிவிடாமல், ஒரு வாரமாவது சுவரில் ஒட்டி வைக்கவேண்டும். என் பாட்டி லயத்துச் சுவருக்குச் செய்ததை நம் சிமென்டுச் சுவருக்கு நாம் செய்யலாகாதா?

இன்னொன்றும் கேட்க ஆசைப்படுகிறேன். ஜார்ஜ் டவுனில் 2012-இல் தீட்டப்பட்ட சுவர்ச் சித்திரங்கள் புகழ்பெற்ற பிறகு, இங்கே பட்டர்வொர்த்திலும் பழைய படகுத்துறைச் சாலையை ஒட்டிய சந்துச் சுவர்கள் சித்திரங்களால் நிறைந்துவிட்டன. வெளியூரார் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆனால் அந்தச் சித்திரங்கள் எல்லாம் கண்ணுள்ளவர்களுக்கு மட்டுமே ஆனவை. 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு வந்த செயின்ட் நிக்கலஸ் இல்லம் பார்வையற்றவர்களுக்காக உழைத்துவருகிற மாநிலம் இது. நீரிழிவினால் முதுமையில் பார்வை இழப்பவர்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் தடவிப் பார்க்கும்படி, ஓட்டுத் துண்டுகளால் ஒரே ஒரு சுவர், இடுப்பளவிலிருந்து தலையுயரம்வரை, நம் நகராண்மையும் கலைஞர்களும் சேர்ந்து அமைக்க முடியாதா? மாதிரிக்கு எங்கும் அலையவேண்டாம். சாந்திநிகேதனத்தில் பார்வையற்ற ஒருவர் கைப்பட உருவாக்கிய சுவர் ஐம்பது ஆண்டுகளாக நிற்கிறது. வடிவங்களை வெட்டித்தரும் வேலையை நம் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, தேசியப்பள்ளிப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். அவர்களுக்குத் தாள் போதும். ஓடாக மாற்றுவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. எங்களோடு இருக்கும் என் பெரியம்மாவுக்கு எண்பத்தொரு வயது. நீரிழிவு அவர் கண்களைக் கொண்டுபோய் ஆறு வருஷம் ஆகிறது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைகள். நண்பர் விடைபெற்றுப் போன பிறகு, பேரன் தன் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்து, "பாட்டி, தொட்டுப் பாருங்க" என்றான். அவர் ஓரத்திலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்து, மிட்டாய்த் தாள் மொறமொறத்த இடத்தில் நிறுத்தி, "இது என்னடா தம்பி, ஆறா?" என்று கேட்டார். "இல்ல பாட்டி, ரோடு. ஃபெரிக்குப் போற ரோடு." "என்ன கலரு?" "வெள்ளி." பெரியம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மேசைமேல் கையை நீட்டித் துழாவி, ஒரு தாளை எடுத்து, நார் போகிற திசையைக் கட்டைவிரலால் பார்த்து, நீளமாக ஒன்று கிழித்தார். "இதையும் அது பக்கத்திலே ஒட்டு. ரோட்டுக்குக் கரை வேணாமா?" என்றார். உள்ளேயிருந்து கணக்குப் புத்தகத்தோடு வந்த அவன் தாய், அதைக் கீழே வைத்துவிட்டுப் பசை டப்பாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். கிழித்த அந்தத் தாள் ஆரஞ்சு நிறம்.